என் வீட்டுப் பிடி அரிசி

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. ஒரு பொம்பளை மேல் நான் திருட்டுப் பட்டம் கட்டினேன். கோயிலுக்குள், சபை அம்புட்டும் உட்கார்ந்திருக்க, எழுந்து நின்று கட்டினேன். அவள் திருடவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த நோட்டை எடுத்தேன். நான் எழுத்துக் கூட்டிப் படித்ததே கல்யாணத்துக்குப் பிறகு, வேதப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு. அதனால் மெதுவாகத்தான் எழுதுவேன். அவசரப்படுகிறவர்கள் வேறு எதையாவது படிக்கட்டும்.

எங்கள் ஊர் அலங்காநல்லூருக்கு வடக்கே, வாய்க்கால் தண்ணீர் பாயும் ஊர். சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்லுவோம். ஓடு போட்ட சின்னக் கோயில். போதகர் ஐயா மாதம் ஒரு தடவை மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான் ஜெபம் நடத்துவது, வீடு சந்திப்பது, மணி அடிப்பது எல்லாம். கோயிலை ஒட்டியே அவருக்கு ஒரு வீடு. தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஊருக்கு வந்த உபதேசியாருடைய பெண்சாதிதான் நான் சொல்கிற பொம்பளை. என்னைவிட பதினைந்து வயது இளையவள். மூன்று பிள்ளைகள். வந்த அன்றைக்கே அவளை எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் கேட்டால், அவள் யாரையும் எதிர்த்துப் பேசமாட்டாள். எதற்கெடுத்தாலும் ‘சரிக்கா, சரிக்கா’. அப்படிப்பட்டவர்களை நான் நம்பமாட்டேன்.

எங்கள் சபையில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம். உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி அள்ளித் தனி டப்பாவில் போட்டுவிட வேண்டும். அது கர்த்தருடையது. மாதத்தின் முதல் ஞாயிறு, டப்பாவில் சேர்ந்ததைப் பையில் கட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோவோம். ஆராதனை முடிந்ததும் உபதேசியாரம்மா எல்லாப் பையையும் வாங்கி ஒரு தகர டிரம்மில் கொட்டி வைப்பாள். வேலைக்குப் போக முடியாத கிழடு கட்டைகளுக்கும் படுக்கையில் விழுந்தவர்களுக்கும் அதிலிருந்து படி போட்டுப் போகும்.

மற்றவர்கள் கொண்டுவருவது ரேசன் அரிசி, இல்லையென்றால் கடைப் பொன்னி. என்னுடையது அப்படியில்லை. நடவுக்கும் அறுப்புக்கும் போய் நான் வாங்கின கூலி நெல். நானே ஊறப்போட்டு, நானே அவித்து, நானே காயவைத்து, மில்லில் குத்திக் கொண்டுவந்த அரிசி. என் அம்மா அடுத்தவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்று கஞ்சி வாங்கிக் குடித்தவள். அவள் மகள் தன் கையால் அவித்த அரிசியை ஊருக்குப் பிடி போட்டுக் கொடுக்கிறாள். இந்தப் பெருமை எனக்கு உண்டு. இப்போதும் உண்டு. அதை விடமாட்டேன்.

என் அரிசியை ஆயிரம் அரிசியில் போட்டாலும் கண்டுபிடித்துவிடலாம். குண்டு அரிசி, பழுப்பு நிறம். வெறும் பச்சைத் தண்ணீரில் நெல்லை மூன்று நாள் ஊறப்போடுவேன். ஒருநாள் ஊறினால் போதாதா என்று யாராவது கேட்டால், ‘உனக்கு அவிக்கத் தெரிஞ்சா நீ ஏன் கடையில வாங்குற?’ என்பேன். அதற்கு மேல் யாரும் பேசமாட்டார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு மூக்குப்பொடிப் பழக்கம் உண்டு. இருபது வயதில் பிடித்தது. கோயிலுக்குப் போகும்போது மட்டும் டப்பாவை வீட்டில் வைத்துவிட்டுப் போவேன். மல்லிகைப்பூவும் மாட்டுச் சாணமும் என் மூக்குக்கு ஒன்றுதான். அது எனக்கே தெரியும், ஆனால் அதை ஒரு குறையாக நான் நினைத்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை, ஜெபக்குறிப்புச் சொல்லிவிட்டு வரலாம் என்று உபதேசியார் வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து சொளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். குண்டு அரிசி. பழுப்பு அரிசி. நான் நின்ற நிலையில் நின்றேன்.

“இது எங்க வாங்குனது?” என்றேன்.

அவள் சொளகை மடியோடு சேர்த்துக்கொண்டாள். “உட்காருங்கக்கா. தண்ணி கொண்டுவாரேன்.”

“தண்ணி கிடக்கட்டும். இந்த அரிசி ஏது?”

“வீட்டுல இருந்ததுக்கா.”

முகம் வெளுத்துவிட்டது அவளுக்கு. எனக்கு அது போதும். ஜெபக்குறிப்பும் சொல்லவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்துவிட்டேன். மூன்று நாள் அந்தக் கோபத்தை வெளியே விடாமல் வைத்திருந்தேன். அடுத்த ஞாயிறு போதகர் ஐயா வருகிற ஞாயிறு.

அன்றைக்கு ஐயா பிரசங்கம் பண்ணியது தேவ சாயலைப் பற்றி. நாம் நடக்கிற நடையில் கர்த்தருடைய குணம் தெரிய வேண்டும், வேதத்தைப் படிக்காத ஜனங்கள் நம்மைத்தான் படிக்கிறார்கள் என்றார். அது எனக்கென்றே சொன்ன மாதிரி இருந்தது. கர்த்தர் நீதியுள்ளவர், திருட்டைச் சகிக்கமாட்டார், நானும் சகிக்கக் கூடாது என்று எடுத்துக்கொண்டேன். கர்த்தருடைய குணத்தில் அன்பும் பொறுமையும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. எனக்கு வசதியானதை நான் எடுத்துக்கொண்டேன். எல்லாரும் அப்படித்தான் எடுக்கிறார்கள்.

அறிவிப்புச் சொல்லும் நேரத்தில் எழுந்தேன்.

“ஐயா, கர்த்தருக்குன்னு நாங்க போடுற பிடி அரிசி உபதேசியார் வீட்டு உலைக்குப் போகுது. என் கண்ணால பாத்தேன்.”

உபதேசியார் கையிலிருந்த பாட்டுப் புத்தகம் கீழே விழுந்தது. ஐயா அவளைப் பார்த்துக் கேட்டார், “உண்மையாம்மா?”

அவள் எழுந்து நின்றாள். சின்னப் பிள்ளை சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. “அக்கா வீட்டு அரிசிதாங்கய்யா. அதுக்குப் பதிலா எங்க வீட்டு அரிசிய டிரம்முல போட்டேன். ஒரு பிடி கூடத்தான் போட்டேன்.”

“எதுக்கு மாத்துனே?”

அவள் பேசவில்லை. ஐயா மறுபடி கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

“நான் சொல்றேன்யா,” என்றேன். “நல்ல அரிசி எதுன்னு தெரிஞ்சிருக்கு அவளுக்கு. என்னுதைப் பொறுக்கி எடுத்துட்டு மட்டத்தைக் கிழடுகளுக்குத் தள்ளியிருக்கா. இதுக்குப் பேரு மாத்துறதா? நாங்க வேற பேரு சொல்லுவோம்.”

சபையில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அத்தனை பேரும் குனிந்திருந்தார்கள். முன்வரிசையில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். திருட்டைக் கேட்டு வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தேன். என் பக்கம்தான் எல்லாரும் என்று நினைத்தேன்.

ஐயா சபை நோட்டை வரவழைத்து எழுதினார். பிடி அரிசிப் பொறுப்பு அவளிடமிருந்து எடுக்கப்பட்டு என்னிடம் கொடுக்கப்பட்டது. அடுத்த பிடி அரிசி ஞாயிறு வருமுன்னே உபதேசியாருக்கு மாற்றல் வந்தது, எழுமலைப் பக்கம் ஒரு சின்னச் சபைக்கு. அவர்கள் சாமான் ஏற்றின வேன் எங்கள் வீட்டு வழியாகத்தான் போனது. நான் வாசலுக்கு வரவில்லை.

டிரம் என் வீட்டுக்கு வந்தது. துடைத்து, வெயிலில் காயவைத்து, மூடிக்கு ஒரு வெள்ளைத்துணி கட்டினேன். முதல் ஞாயிறு எல்லார் அரிசியோடும் என் அரிசியையும் என் கையாலேயே கொட்டிக் கிளறினேன். மறுநாள் முதல் ஆளாகத் தெருக்கோடியில் தனியாக இருக்கிற சின்னாத்தா வீட்டுக்கு எடுத்துப்போனேன். எனக்குச் சொந்தம் இல்லை, ஊர் முழுக்க அவளை அப்படித்தான் கூப்பிடும். கண் சரியாகத் தெரியாது. வாய் மட்டும் நன்றாக வேலை செய்யும்.

பையை அவள் மடியில் வைத்தேன். முடிச்சை அவிழ்த்தாள். மூக்கை உள்ளே விட்டாள். அப்படியே பையைத் தள்ளிவிட்டாள். அரிசி தரையில் சிதறியது.

“வந்துருச்சா மறுபடி இந்த நாத்தம்?”

“என்ன நாத்தம் சின்னாத்தா?”

“யாரு, நீயா? ஏடி, உன் அரிசிதாண்டி. குட்டையில எருமை படுத்து எந்திரிச்ச நாத்தம். வடிச்சாலும் போகாது, மோரு ஊத்துனாலும் போகாது. வயித்தப் புரட்டுது. ஒருதடவை திண்டுட்டு ரெண்டு நாள் பட்டினி கிடந்தேன். அந்த உபதேசியார் பொண்டாட்டிகிட்ட அழுதேன், ‘என்னைக் கொல்லணும்னா வேற எதையாவது குடு’ன்னு. அந்தப் புள்ளதான், ‘உங்களுக்கு இனிமே வராது ஆத்தா’ன்னுச்சு. வரவும் இல்ல. அவ போனா, நாத்தம் வந்துருச்சு.”

நான் தரையில் உட்கார்ந்து அரிசியைப் பொறுக்கினேன். என் அரிசியும் மற்றவர் அரிசியும் கலந்து கிடந்தது. என்னுடையதை மட்டும் தனியாகப் பொறுக்க வரவில்லை. கையில் அள்ளி மூக்கோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் கயிற்றுக்கட்டிலில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

“நம்ம அரிசி நாறுமா?”

அவர் பீடியை எடுத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். “இன்னைக்கா கேக்குறே?”

“நாறுமா நாறாதா?”

“முப்பது வருசமா நாறுது.”

“ஏன்யா சொல்லலை?”

“நல்லாக் கேட்டே போ. கல்யாணமான புதுசுல ஒருக்கா சொன்னேன். உலையைத் தூக்கி வாசல்ல ஊத்துனே. அதுக்குப் பொறவு நான் ஏன் சொல்லுறேன்?”

அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அந்தப் பொம்பளை மேல்தான் முதலில் வந்தது. வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாள்? ‘உங்க அரிசி நாறுதுக்கா’ என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் இம்புட்டும் வந்திருக்குமா? கோயிலில் ஐயா இரண்டு தடவை கேட்டாரே, அப்போது சொல்லியிருந்தால் அவளுக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

பிறகு அந்த முந்தானையால் வாயைப் பொத்தினவள் ஞாபகத்துக்கு வந்தாள். குனிந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாக வந்தன. அவர்கள் வெட்கப்படவில்லை. சிரிப்பை அடக்கியிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் என் அரிசி நாறும் என்று தெரியும். அவள் ஏன் மாற்றினாள் என்றும் தெரியும். என் வாய்க்குப் பயந்து ஒரு குடும்பம் சாமானைக் கட்டுகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இவர்கள்தான் வாரா வாரம் சாந்தம், தாழ்மை என்று பாடுகிறவர்கள்.

அவளும் பேசவில்லை, இவர்களும் பேசவில்லை. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் ஒருத்தி தன் நல்ல பேரை விட்டுக்கொடுத்துப் பேசாமல் இருந்தாள். மற்றவர்கள் தங்கள் தோலைக் காப்பாற்றப் பேசாமல் இருந்தார்கள். எது கர்த்தருடைய குணம், எது வெறும் பயம் என்று முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எனக்கு அது தெரிய ஒரு குருட்டுக் கிழவியின் மூக்கு வேண்டியிருந்தது.

ஒரு மாதம் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். உண்மையைத்தானே எழுதுகிறேன், அதையும் எழுதுகிறேன். போக மனசு வரவில்லை. நான் யாரிடமும் போய் மன்னிப்பென்று நின்றதில்லை. திருவிருந்து ஞாயிறு வந்தது. அப்பத்தை வாங்க எழுந்தவள், பாதி வழியில் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வாரம் பஸ் ஏறினேன்.

மதுரை வந்து, உசிலம்பட்டி பஸ் பிடித்து, அங்கிருந்து எழுமலை. இறங்கி இன்னும் நடக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பச்சை அங்கே கிடையாது. அவள் வீட்டு வாசலில் துவரங்காய் காயப்போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்கக்கா” என்றாள். அந்த ‘வாங்கக்கா’வைக் கேட்டதும் எனக்கு மறுபடி பொங்கிக்கொண்டு வந்தது.

“என்னைப் பாவியாக்கிப்புட்டு இங்க வந்து துவரை காயப்போடுறியா?” என்றேன். “ஏன்டி சொல்லலை?”

“எதை?”

“என் அரிசி நாறும்னு.”

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். “யாரு சொன்னா?”

“சொன்னவ பேரு எதுக்கு உனக்கு? நீ ஏன் சொல்லலை?”

“சொல்லியிருந்தா அடுத்த மாசம் பிடி அரிசி போட்டிருப்பீங்களாக்கா?”

“மாட்டேன்.”

“அதான்.”

“அதான்னா? அந்த அரிசிய நீங்க திண்டீங்களா?”

“மூணு தண்ணி கழுவி, கொஞ்சம் வெந்தயம் போட்டா தெரியாதுக்கா.” நிறுத்தினாள். “தெரியும். புள்ளைக மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் திண்டுச்சுக. நீங்க வெயில்ல நின்னு சம்பாதிச்ச நெல்லு. அதைக் கீழ கொட்டவும் மனசு வரலை.”

“கோயில்ல ஐயா கேட்டப்பவாவது?”

“அத்தனை பேரு முன்னாடி உங்க அரிசி நாறுதுன்னு எப்படிக்கா சொல்ல?” பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், “எல்லாமே நல்ல மனசுன்னு நினைச்சுக்கிறாதீங்க. பாதி அது. பாதி உங்க வாய்க்குப் பயம்.”

அந்தப் பாதியைச் சொன்னாளே, அப்போதுதான் அவளை எனக்குப் பிடித்தது.

“இங்க எப்படி இருக்கே?” என்று கேட்டேன்.

“இருக்கோம். அந்தப் பேச்சு எங்களுக்கு முன்னாடியே இங்க வந்துருச்சுக்கா. காணிக்கைத் தட்டை எடுக்கப் போனா, ‘நீங்க உட்காருங்கம்மா’ன்னு வேற ஆளு வாங்கிக்கிறாங்க. இங்கயும் பிடி அரிசி உண்டு. என் கையில யாரும் பை குடுக்கிறதில்ல. நேரா வேற வீட்டுக்குக் கொண்டுபோயிடுறாங்க.”

உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டாள். சாப்பிட்டேன். மன்னிப்பென்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. அவளிடம் தனியாகச் சொன்னால் யாருக்கு என்ன லாபம்? நான் கெடுத்தது ஊர் நடுவில். பஸ்ஸில் வரும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்து ஐயா வந்த ஞாயிறு, அறிவிப்பு நேரத்தில் எழுந்தேன். என்னைப் பார்த்ததுமே பாதிப் பேர் குனிந்துவிட்டார்கள்.

“தலையைத் தூக்குங்க எல்லாரும்,” என்றேன். “ஐயா, என் அரிசி நாறும். உபதேசியார் வீட்டம்மா அதைத் தான் எடுத்துக்கிட்டு, தன் வீட்டு நல்ல அரிசியக் கிழடுகளுக்குப் போட்டா. எனக்குத் தெரியாது. ஆனா இங்க உட்கார்ந்திருக்கிற அம்புட்டுப் பேருக்கும் தெரியும். தெரிஞ்சும் வாயத் திறக்கலை. நான் பொய்ச்சாட்சி சொன்னேன். இவங்க அதுக்குத் துணை இருந்தாங்க.”

யாரோ பின்னால் சிரித்தார்கள். “சிரிக்கிறவன் எந்திரிச்சு நின்னு சிரி,” என்றேன். நின்றது சிரிப்பு.

ஐயா எழுந்து கையை நீட்டினார். “சரிம்மா, சரிம்மா. கர்த்தர் மன்னிச்சுட்டாரு. உட்காருங்க.”

“கர்த்தர் மன்னிக்கட்டும்யா. நான் இன்னும் முடிக்கலை. அன்னைக்கு நோட்டுல எழுதுனீங்கல்ல? இன்னைக்கும் எழுதுங்க. எழுதி, கையெழுத்துப் போட்டு, எழுமலைச் சபைக்கு ஒரு கடுதாசி குடுங்க. தபால்ல வேணாம். நானே கொண்டுபோறேன்.”

பின் வரிசையில் இருந்த என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான் அவர் செய்தது. ஐயா எழுதினார்.

கடுதாசியை எடுத்துக்கொண்டு, அங்கே பிடி அரிசி ஞாயிறாகப் பார்த்துத்தான் போனேன். என் அரிசியிலும் ஒரு பை எடுத்துப் போனேன். இந்தத் தடவை சுடுதண்ணீர் விட்டு, ஒரே ஒரு நாள்தான் ஊறப்போட்டிருந்தேன். யாரிடமும் கேட்டுச் செய்யவில்லை, நானாகத்தான் செய்தேன்.

உபதேசியார் கடுதாசியை விரித்துப் பார்த்துவிட்டு, வேறு யாராவது படிக்கட்டும் என்று நீட்டினார். சபை மூப்பர் ஒருவர் வாங்கிப் படித்தார். முடிந்ததும், “அந்தப் பொய்யைச் சொன்னவ நான்தான்,” என்று எழுந்து என் முகத்தைக் காட்டிவிட்டு உட்கார்ந்தேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. தெரியாத ஊரில் கெட்ட பெயர் எடுக்கிறது எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆராதனை முடிந்ததும் மூப்பர் அந்த வேறு வீட்டில் இருந்த டிரம்மைக் கொண்டுவரச் சொல்லி, கோயில் வாசலில் அவள் முன்னால் வைத்தார். பையோடு வந்த பொம்பளைகள் வாசலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தியும் அவளிடம் போகவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாரையும் விலக்கிக்கொண்டு போய் என் பையை முதலில் அவள் கையில் கொடுத்தேன்.

அவள் முடிச்சை அவிழ்த்தாள். ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். என்னை நேராகப் பார்த்தாள். சத்தமாகவே சொன்னாள்.

“இன்னும் லேசா இருக்குக்கா.”

எனக்குச் சுரீரென்று வந்தது. வாய் வரைக்கும் வந்துவிட்டது வார்த்தை. விழுங்கினேன். அது எம்புட்டுக் கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

“அப்ப இதை உன் வீட்டுக்கு எடுத்துக்கோ,” என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. “டிரம்முல உன் அரிசியப் போடு.”

அவள் பக்கத்திலேயே இருந்த தன் வீட்டுக்குள் போய் அரிசியைச் சொளகில் கொண்டுவந்து, அத்தனை பேர் பார்க்க டிரம்மில் கொட்டினாள். கொட்டிவிட்டு, ஒரு பிடி கூடப் போட்டாள். அடுத்த பையோடு நின்றவள் இரண்டடி முன்னால் வந்து அவளிடம் நீட்டினாள்.